கரையேறிய பரிசல்: கோளாறைப் பார்த்துக் கைவைக்கும் முறை

ஒகேனக்கல்லில் காவிரித் தண்ணீர் செம்மண் நிறத்தில் இறங்க ஆரம்பித்தால் எங்கள் பக்கம் வலைக்கு ஓய்வு. கர்நாடகத்தில் கபினி, கிருஷ்ணராஜசாகர் அணைகள் நிரம்பித் திறந்துவிட்ட தண்ணீர், எல்லையிலுள்ள பிலிகுண்டுலு தாண்டி வரும்போது கட்டை, கிளை, பிளாஸ்டிக் என்று எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வரும். அருவிப் பக்கம் சுற்றுலாப் பரிசலுக்கு மாவட்ட நிர்வாகம் தடை போடும். கீழே ஒட்டனூர், நாகமரை என்று மேட்டூர் அணையின் பின்தண்ணீரில் மீன் பிடிப்பவர்களுக்கு யாரும் தடை போட வேண்டியதில்லை. ஒரு ராத்திரி வலை விட்டால் மறுநாள் முழுக்கக் குச்சி பொறுக்க வேண்டும். அதனால் நாங்களே பரிசலைக் கரையேற்றிக் கவிழ்த்துவிடுவோம். கிருஷ்ணகிரி அணையிலும் பாம்பாறு அணையிலும் பரிசல் வைத்திருப்பவர்களுக்கு இந்த ஓய்வு ஐப்பசி, கார்த்திகையில் வரும். மாதம்தான் வேறு, கோளாறுகள் ஒன்றுதான்.

பரிசல் தண்ணீரில் கெடுவதைவிடக் கரையில் கிடக்கும்போது கெடுவதுதான் அதிகம். இதை ஒப்புக்கொள்ள எனக்கே நாலைந்து வருடம் ஆனது. எந்தக் கோளாறு வந்தாலும் ஒரு டின் தார் வாங்கி மேலே பூசிவிடுவது எங்கள் ஊர் வழக்கம். தலைவலிக்கும் கால்வலிக்கும் ஒரே தைலம் தடவுகிற மாதிரி. தாரால் தீர்கிற கோளாறு சில உண்டு. தாரால் வருகிற கோளாறும் சில உண்டு.

இங்கே சொல்வது மூங்கில் கூடு கட்டி, மேலே சாக்கோ தார்ப்பாயோ போர்த்தித் தார் பூசிய பரிசலுக்கு. அந்தப் போர்வையைத் ‘தோல்’ என்றே சொல்கிறேன். மாட்டுத்தோல் போர்த்திய காலத்துப் பேர் அது, எங்கள் வீட்டில் இன்னும் மாறவில்லை. பைபர் (கண்ணாடியிழை) பரிசல் வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பக்கம் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

கைவைக்கும் முன்

உள்ளேயும் வெளியேயும் சோப்புத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். மீன் செதிலும் கவிச்சியும் இருந்தால் எலி வரும், நாய் வரும். கழுவியபின் நிழலில் மூன்று நாள் காய வேண்டும். வெளித்தோல் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். ஆனால் மூங்கில் பிளாச்சுகள், அதாவது பிளந்த மூங்கில் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் இடங்களில் ஈரம் உட்கார்ந்திருக்கும். அங்கே விரலை வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் காயவில்லை.

கவிழ்த்து வைக்கும்போது விளிம்பு மண்ணில் படக் கூடாது. மூன்று கல் வைத்து அதன்மேல் உட்கார்த்துங்கள். அப்புறம் ஒரு கயிறு போட்டு மரத்தோடு கட்டுங்கள். ஆடிக் காற்றில் அம்மி பறக்கிறதோ இல்லையோ, பரிசல் பறக்கும். ஒரு வருடம் எங்கள் பரிசல் கரையிலிருந்து உருண்டு போய் வேலி முள்ளில் நின்றது. மாமா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “தண்ணியில ஓட்டறதுக்கு வாங்கினோம் மாப்ள, நீ தரையில ஓட்டிட்ட.”

தண்ணீர் ஊறுகிறது

முதலில் அது ஓட்டைத் தண்ணீர்தானா என்று பாருங்கள். சிரிக்காதீர்கள். வலையை இழுத்து உள்ளே போடும்போது ஒவ்வொரு முழத்துக்கும் தண்ணீர் வடியும். துடுப்பிலிருந்தும் சொட்டும். வீடு திரும்பும்போது கால் நனைய நிற்கும் தண்ணீரில் பாதிக்கு மேல் அதுவாகவே இருக்கும். வலை இல்லாமல் காலிப் பரிசலைக் கரையோரம், முழங்கால் ஆழத்தில், அரை மணி நேரம் கட்டி வையுங்கள். உள்ளே காய்ந்தே இருந்தால் உங்கள் பரிசலில் ஒன்றுமில்லை.

ஊறுகிறது என்றால் எவ்வளவு நேரத்தில் ஊறுகிறது என்பதிலேயே பாதிப் பதில் இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் ஓரிடத்தில் குட்டை கட்டினால் அது துளை. அரை மணி கழித்து அடிப்பாகம் முழுக்க வியர்த்த மாதிரி பூத்திருந்தால் அது துளையில்லை, தார் தேய்ந்து தோல் தண்ணீரைக் கசிய விடுகிறது. காலியாக இருக்கும்போது காய்ந்தும், ஆள் ஏறியதும் நனைந்தும் போனால் கோளாறு அடியில் இல்லை. பாரம் ஏறியபின் தண்ணீருக்குள் போகும் பக்கவாட்டில், பெரும்பாலும் தையல் ஓடும் இடத்தில், வாய் திறந்திருக்கும்.

துளை எங்கே என்று கண்டுபிடிப்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். நானும் சறுக்கினேன். புதிதாக வந்த வருடம், தண்ணீர் தேங்கிய இடத்துக்கு நேர் கீழே வெளியில் தாரைக் காய்ச்சி அப்பினேன். மறுநாள் அதே குட்டை. இன்னும் கொஞ்சம் அப்பினேன். மூன்றாம் நாள் மாமா வந்து உள்ளே குனிந்து பார்த்தார். “தண்ணி நிக்கற எடத்தப் பாக்காத மாப்ள, அது வர்ற வழியப் பாரு” என்றார். துளை இரண்டு அடி தள்ளி, பக்கவாட்டில் இருந்தது. தோலுக்கும் பிளாச்சுக்கும் இடையே வழிந்து வந்து, பள்ளமான இடத்தில் தலைகாட்டியிருக்கிறது. பரிசலுக்கு நடுவில்தான் பள்ளம். ஆகவே எந்த ஓட்டைத் தண்ணீரும் நடுவில்தான் நிற்கும்.

வழியைக் கண்டுபிடிக்க இரண்டு முறை உண்டு. ஒன்று ராத்திரி செய்வது. பரிசலைக் கவிழ்த்து, உள்ளே நல்ல வெளிச்சமுள்ள டார்ச்சை வைத்து, விளிம்பைச் சுற்றிச் சாக்கைப் போட்டு மூடுங்கள். இருட்டில் வெளியே நின்று பார்த்தால் ஊசித்துளைகூட நட்சத்திரம் மாதிரி தெரியும். தெரிந்த இடத்தைச் சுண்ணாம்பால் வட்டம் போட்டு வையுங்கள். விடிந்தபின் நினைவில் இருக்காது.

இன்னொன்று சாம்பல். டார்ச்சில் தெரியாத, மடிப்புக்குள் ஒளிந்த துளைக்கு இதுதான். நன்றாகக் காய்ந்த பரிசலுக்குள் சலித்த அடுப்புச் சாம்பலை அடியிலும் பக்கத்திலும் மெல்லிசாகத் தூவுங்கள். பரிசலை அலுங்காமல் தண்ணீரில் இறக்கிவிட்டு எட்ட நின்று பார்த்துக்கொண்டே இருங்கள். ஈரம் பட்ட சாம்பல் கறுக்கும். முதலில் எது கறுக்கிறதோ அதுதான் துளை. அங்கிருந்து கறுப்பு கோடாக நடுவை நோக்கி இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐந்து நிமிடம் தாண்டிப் போய்ப் பார்த்தால் எல்லாமே கறுப்பாக இருக்கும், பயனில்லை. இந்த வேலைக்கு போனைக் கரையில் வைத்துவிட்டு இறங்குங்கள்.

துளை தெரிந்தபின் ஒட்டு எளிது. சுற்றியுள்ள பழைய தாரைச் சுரண்டி, தோல் தெரியும்படி செய்யுங்கள். பழைய பருத்தி வேட்டித் துணி எடுங்கள். பாலியெஸ்டர் வேண்டாம், பருத்திதான் தாரைக் குடிக்கும். துளையிலிருந்து எல்லாப் பக்கமும் நாலு விரற்கடை தாண்டும்படி வட்டமாக வெட்டுங்கள். சதுரமாக வெட்டினால் மூலைதான் முதலில் எழும்பும், கல்லில் உரசும்போது அங்கிருந்து உரிந்து போகும். சூடான தாரை மெல்லிசாக ஒரு கை பூசுங்கள், மேலே துணி, துணிமேல் பாட்டிலை உருட்டி உள்ளே இருக்கும் காற்றை ஓரத்துக்குத் தள்ளுங்கள். ஆறியபின் மறுபடி ஒரு கை. தையல் விட்டிருந்தால் துணி ஒட்டுவதற்கு முன் கோணி ஊசியில் நைலான் நூல் கோத்துத் தைத்துவிட வேண்டும். தார் ஒட்டும், ஆனால் பாரத்தை இழுத்துப் பிடிக்காது. அது நூலின் வேலை.

ஒட்டிய இடத்திலேயே மறுபடி ஊறுகிறது

ஒரு வாரத்தில் அதே இடம் திரும்ப ஒழுகினால் ஒட்டைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே பாருங்கள். ஏதோ ஒரு பிளாச்சு முறிந்து, அதன் முனை தோலை உள்ளிருந்து குத்திக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை நீங்கள் அந்த இடத்தில் காலை ஊன்றும்போதும் முனை ஒரு குத்து குத்தும். வெளியே பத்து ஒட்டுப் போட்டாலும் பதினொன்றாவது குத்துக்குத் துளை விழும்.

முறிந்த முனையைச் சீவி மழுக்குங்கள். அதன் பக்கத்திலேயே ஒரு முழ நீளப் புதுப் பிளாச்சைச் சேர்த்து, முறிவுக்கு இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கட்டுப் போடுங்கள். பிளாச்சின் வழவழப்பான முதுகுப் பக்கம் தோலைப் பார்க்க வேண்டும், சிம்பு எழும் வயிற்றுப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும். முடிச்சும் உள்பக்கமே இருக்கட்டும். முடிச்சு தோல் பக்கம் போனால் அதுவே அடுத்த துளைக்கு வழி. முறிவுக்கும் தோலுக்கும் நடுவில் மடித்த சாக்குத் துண்டு ஒன்றைச் செருகியபின் வெளியே ஒட்டுப் போடுங்கள்.

கம்பி போட்டுக் கட்டுவதைப் பார்க்கிறேன், கட்டும்போது கையில் கெட்டியாகத்தான் இருக்கும். இரண்டு மழைக்குள் துருப்பிடித்து அதன் முனை ஊசியாகிவிடும். நைலான் கயிறே போதும்.

பூசிய தார் காயவே இல்லை

தொட்டால் கையில் ஒட்டுகிறது, உட்கார்ந்தால் வேட்டியில் ஒட்டுகிறது, வாரம் கடந்தும் அப்படியே இருக்கிறது என்றால் காரணம் கலப்படம். தாரை இளக்க மண்ணெண்ணெய் சேர்ப்பது பழைய வழக்கம். மண்ணெண்ணெய் கொஞ்ச நாளில் ஆவியாகிப் போகும், தார் இறுகும். இப்போது மண்ணெண்ணெய் எளிதில் கிடைப்பதில்லை, எல்லோரும் டீசல் ஊற்றுகிறார்கள். டீசல் லேசில் ஆவியாகாது. நிறைய ஊற்றினால் அந்தத் தார் பரிசலின் ஆயுசுக்கும் காயாது.

லேசான பிசுபிசுப்பு என்றால் காற்றோட்டமான இடத்தில் பத்து நாள் விட்டு, சலித்த மணலைத் தூவித் தேய்த்துவிட்டால் சமாளிக்கலாம். மணல் பரிசலுக்குக் கொஞ்சம் எடை சேர்க்கும், ஆனால் கல்லில் உரசும்போது தாரைக் காக்கவும் செய்யும். விரலை வைத்து அழுத்தினால் பள்ளம் விழுகிற அளவு இளகலாக இருந்தால் சுரண்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசுவது தவிர வேறு வழியில்லை. அதன் மேலேயே கெட்டித் தார் பூசினால் சேற்றின்மேல் சிமென்ட் போட்ட கதைதான். மேல்தோல் இறுகி, கீழே வழுக்கி, பாளமாகக் கழன்று வரும்.

இளக்குவதற்குச் சூடே போதும் என்பது என் கட்சி. எதையும் கலக்காமல் காய்ச்சி, சூட்டோடு சூடாகப் பூசினால் ஆறும்போதே இறுகிவிடும்.

தார் வெடித்துப் பாளம் பாளமாக உரிகிறது

இதில் இரண்டு வகை. மேலே மட்டும் முதலை முதுகு மாதிரி வெடித்திருந்தால் வெயிலில் கிடந்து தார் கிழடு தட்டிவிட்டது. உரித்த பாளத்தின் அடிப்பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தால் அது ஒட்டவே இல்லை. ஈரத்தின்மேலோ தூசியின்மேலோ பூசியிருக்கிறீர்கள். ஆடிக் காற்றில் திறந்த வெளியில் பூசினால் இரண்டாவது வகைதான் வரும். ஒரு கைக்கும் மறு கைக்கும் நடுவில் புழுதி வந்து உட்கார்ந்துகொள்ளும். காற்று அடங்கிய விடியற்காலை பனியில் நனைந்திருக்கும், நடுப்பகலில் காற்று. ஆகவே காலை ஒன்பது மணிக்கு மேல், காற்று எழும்புவதற்குள், அல்லது ஒரு சுவர் மறைவில்.

வெயில் இன்னொரு வேலையும் செய்யும். தார் ஐம்பது டிகிரிக்கு முன்பின்னாகவே இளக ஆரம்பித்துவிடும். சித்திரை வெயிலில் கறுப்புப் பரிசலின் முதுகு அதைவிடச் சுடும், கை வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கவிழ்த்துக் கிடக்கும் பரிசலில் தார் மெல்ல விளிம்பை நோக்கி வழியும். அடிப்பாகமும் பக்கமும் சேரும் வளைவில் மெலிந்து, விளிம்போரம் தடித்துக் கிடக்கும். அந்த வளைவுதான் கரையில் இழுக்கும்போது கல்லில் உரசுகிற இடமும். தார் தேவைப்படுகிற இடத்தில் இல்லாமல், தேவையில்லாத இடத்தில் சேர்ந்திருக்கும். அதற்காகத்தான் பரிசலைப் புளியமரத்தடி நிழலில் கவிழ்ப்பது. இடமே கிடைக்காவிட்டால் மேலே தென்னோலையாவது போட்டு மூடுங்கள். வெயில் சாக்கு இழையையும் தின்னும். தார் மறைக்காத உரச்சாக்கு ஒரு கோடை முழுக்க வெயிலில் கிடந்தால் விரலால் கிழிக்கலாம்.

தார் காய்ச்சும்போது

இது கோளாறு இல்லை, ஆனால் இதில்தான் ஆள் அடிபடுகிறார். டின்னில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இருக்கக் கூடாது. தண்ணீர் ஆவியாகித் தாரைப் பால் பொங்குகிற மாதிரி பொங்க வைக்கும், வழிந்தால் அடுப்பில் பற்றும். டின்னில் பாதிக்கு மேல் தார் போடாதீர்கள். மூன்று கல் கூட்டி, சிறு தீயில், கட்டி முழுக்க உருகும்வரை பொறுமையாக விடுங்கள். குச்சியை முக்கித் தூக்கினால் தேன் மாதிரி நூலாக இறங்க வேண்டும். மஞ்சளாகப் புகை கிளம்பினால் மீறிப் போயிற்று, விறகை வெளியே இழுங்கள். அவ்வளவு சூட்டில் பூசினால் சாக்கே சுருங்கி உருகும். பிளாஸ்டிக் சாக்கு 160 டிகிரி வாக்கில் உருகிவிடும், தார் அதைத் தாண்டியும் சுடும். இறக்கி வைத்து, சந்தேகமிருந்தால் ஒரு சாக்குத் துண்டில் பூசிப் பாருங்கள்.

தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெடித்துச் சிதறும். பக்கத்திலேயே ஒரு குவியல் மணலும், டின்னை மூட ஒரு தகரமும் தயாராக இருக்கட்டும். கையில் தார் பட்டால் பிய்த்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். குளிர்ந்த தண்ணீரில் நிறைய நேரம் வைத்துவிட்டு, ஒட்டியது ஒட்டியபடியே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். டீசலோ மண்ணெண்ணெயோ கலந்தே ஆக வேண்டும் என்பவர்கள் அடுப்பிலிருந்து இறக்கி, தள்ளி வைத்து, சூடு நன்றாகத் தணிந்தபின் கலக்க வேண்டும். அடுப்பின்மேல் வைத்துக்கொண்டே ஊற்றியவரின் புருவம் எனக்குத் தெரியும். அதாவது, இல்லாத புருவம்.

பரிசல் கனத்துவிட்டது

போன வருடம் இரண்டு பேர் தூக்கியதை இந்த வருடம் நாலு பேர் தூக்குகிறீர்கள். ஆள் கிழடாகிவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு வருடமும் பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே தார் பூசியிருப்பீர்கள். விளிம்போரம் ஒரு பாளத்தை உரித்துக் கனத்தைப் பாருங்கள். அரை விரல் தடிமனுக்கு மேல் இருந்தால் முழுதும் எடுத்தாக வேண்டும். தார் குளிர்ந்திருக்கும் விடியற்காலையில் மழுங்கின கத்தியால் தட்டினால் பாளமாக வரும். வெயில் ஏறினால் சவ்வாக இழுக்கும்.

தார் அதிகமில்லை, ஆனாலும் கனம் என்றால் மூங்கில் தண்ணீர் குடித்திருக்கிறது. நிழலில் இரண்டு வாரம் கிடந்தால் தானே இளைக்கும். இளைத்தபின் கட்டுகள் தளர்ந்திருக்கும், அவற்றை இறுக்க மறக்காதீர்கள்.

ஒரு பக்கமாகவே இழுக்கிறது

பரிசல் சுற்றுவது கோளாறில்லை, அதன் பிறவிக்குணம். ஆனால் யார் துடுப்புப் போட்டாலும் ஒரே பக்கம் போனால் வட்டம் கெட்டிருக்கிறது. ஒரு கயிற்றை எடுத்து விளிம்புக்கு விளிம்பு குறுக்கே அளந்து முடிச்சுப் போடுங்கள். அதே கயிற்றை மற்றத் திசைகளிலும் வைத்துப் பாருங்கள். இரண்டு விரல் வித்தியாசம் பரவாயில்லை. ஒரு சாண் வித்தியாசம் என்றால் முட்டையாகிவிட்டது. சுவரில் சாய்த்து நிறுத்தி வைத்த பரிசலுக்கு இது வரும்.

நீளமான திசையில் விளிம்புக்கு விளிம்பு இரட்டைக் கயிறு கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்குங்கள். விளிம்பு முழுக்க ஈரச்சாக்கைச் சுற்றி, காய விடாமல் தண்ணீர் தெளித்து வாருங்கள். தினம் ஒரு முறுக்கு. ஒரே நாளில் முறுக்கினால் படீரென்று போகும். வட்டத்துக்கு வந்தபின் இன்னும் கொஞ்சம் தாண்டி முறுக்கி, அப்படியே ஒரு வாரம் காய விடுங்கள், விட்டதும் கொஞ்சம் திரும்பி வரும்.

விளிம்பே முறிந்திருந்தால் பழைய மூங்கிலில் கைவைக்காதீர்கள். உள் கெட்டியான கல்மூங்கிலாகப் பார்த்து வாங்குங்கள். காட்டில் போய் வெட்டிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வனத்துறை வழக்குக்கு ஆகும் செலவில் இரண்டு பரிசல் வாங்கலாம்.

மூங்கிலிலிருந்து மாவு கொட்டுகிறது

கவிழ்த்த பரிசலுக்கு அடியில் தரையில் வெள்ளையாகப் பவுடர் மாதிரி கிடந்தால் உளுத்துப்போக ஆரம்பித்துவிட்டது. பூச்சி தின்பது மூங்கிலில் இருக்கும் மாவுச்சத்தை. அதனால்தான் வெட்டிய மூங்கிலை மூன்று நாலு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பார்கள், சத்து கரைந்து போய்விடும். நாற்றம் எடுக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். அவசரத்துக்குப் பச்சை மூங்கிலில் பழுது பார்த்தவர்களுக்கே பெரும்பாலும் இது வருகிறது.

பிளாச்சைக் கட்டை விரலால் அழுத்துங்கள். அமுங்கினால் மாற்றுங்கள். கெட்டியாக இருந்தால் போராக்ஸும் போரிக் பவுடரும் வெந்நீரில் கரைத்து, காய்ந்த மூங்கிலில் இரண்டு மூன்று தடவை பூசுங்கள். துளைகளில் ஊசியில்லாத சிரிஞ்சால் விடலாம். பரிசல் தண்ணீரில் போனால் இந்த மருந்தும் நாளடைவில் கரையும், ஆகவே வருடா வருடம் செய்ய வேண்டும். மண்ணில் பட்ட விளிம்பில் செம்மண் கோடு ஓடினால் அது கரையான், அதற்கு மருந்தே முதலில் சொன்ன மூன்று கல்தான்.

பைபர் வைத்திருப்பவர்களுக்கு

பைபரில் மேலே தெரியும் கீறல் எல்லாம் ஓட்டை இல்லை. சிலந்திவலை மாதிரி மெல்லிய கோடுகள் மேல்பூச்சில் மட்டும் இருக்கும். உள்ளே விரிசல் போயிருக்கிறதா என்று அறிய ஒரு ரூபாய் நாணயத்தால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். நல்ல இடம் டக்கென்று கணீரெனும். அடுக்கு பிரிந்த இடம் பொத்தென்று அமுங்கிக் கேட்கும். தேங்காய் வாங்கத் தெரிந்தவர்களுக்கு இது கைவந்த கலை.

பொத்தென்ற இடத்தை எல்லாம் கிரைண்டரில் தேய்த்து எடுங்கள், ஓரங்கள் சரிவாக இருக்கட்டும். மூக்கையும் கண்ணையும் மூடிக்கொண்டு தேயுங்கள், அந்தத் தூசு தோலில் பட்டாலே நாள் முழுக்க அரிக்கும். நன்றாகக் காய வேண்டும். தண்ணீர் குடித்த பைபர் வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக இருக்கும், ஒரு வாரமாவது விடுங்கள். அப்புறம் சிறிய துண்டிலிருந்து பெரிய துண்டாக ‘மேட்’ எனும் கண்ணாடியிழை விரிப்பை அடுக்கி, ரெசின் என்ற பிசினைக் குத்திக் குத்தி உள்ளே இறக்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் இடத்தில் காற்று நிற்கிறது என்று அர்த்தம்.

கடையில் ரெசின் வாங்கும்போது இறுகுவதை வேகப்படுத்தும் ஆக்சிலரேட்டர் கலந்ததா, கலக்காததா என்று கேட்டுவிடுங்கள். கலக்காததென்றால் ஆக்சிலரேட்டரை முதலில் ரெசினில் கலந்து, அதன்பின் தனியாக, ரெசினை இறுக வைக்கும் கேட்டலிஸ்ட் விட வேண்டும். அந்த இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று ஊற்றினால் வெடிக்கும், ஒரே அலமாரியில்கூட வைக்காதீர்கள். கேட்டலிஸ்ட் ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி.

ரெசின் இறுகவே இல்லை என்பது அடிக்கடி வரும் புகார். மார்கழிக் காலையில் ஓசூர் பக்கம் குளிரில் பூசினால் இறுக மாட்டேன் என்றுதான் அடம் பிடிக்கும். பகல் பத்து மணிக்கு மேல் செய்யுங்கள். உள்ளே கெட்டி, மேலே மட்டும் பிசுக்கு என்றால் காற்றுப் பட்டதால் வருவது. கடைசிப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பாலித்தீன் தாளை மேலே ஒட்டி நீவிவிட்டால் வராது. முழுதும் கூழாகவே இருந்தால் கேட்டலிஸ்டை மறந்திருப்பீர்கள். சுரண்டி எடுத்துவிட்டு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். பைபர்மேல் தாரை மட்டும் அப்பிவிடாதீர்கள், பிறகு எந்த ரெசினும் அங்கே ஒட்டாது.

துடுப்பு

கைப்பிடியில் நீளவாக்கில் விரிசல் என்றால் நைலான் கயிற்றை நெருக்கிச் சுற்றினால் ஒரு பருவம் ஓடும். குறுக்கு விரிசல் என்றால் அடுப்புக்குத்தான். நடு ஆற்றில் முறிகிற துடுப்பு இந்தக் குறுக்கு விரிசல் துடுப்புதான்.

எப்போது விட்டுவிடுவது

உள்ளே உட்கார்ந்து இரண்டு கையாலும் எதிரெதிர் விளிம்பைப் பிடித்து ஆட்டுங்கள். கூடு முழுக்க நெறுநெறுவென்று பேசினால், கட்டுகளை இறுக்கியபின்னும் பேசினால், அந்தக் கூட்டுக்கு மேல் செலவு செய்யாதீர்கள். பிளாச்சில் மூன்றில் ஒன்று மாற்ற வேண்டியிருந்தாலும் அப்படித்தான். மாமாவுக்கு இது ஒப்பாது. அவருடைய பழைய பரிசல் இன்னும் வீட்டுக்குப் பின்னால் கவிழ்ந்து கிடக்கிறது, அடியில் கோழி அடைகிறது. “தோல மாத்தினா ஓடும் மாப்ள” என்று வருடம் ஒருமுறை சொல்வார். நானும் “ஆமா மாமா” என்பேன்.

தண்ணீரில் விடும்போது

வெள்ளம் தணிந்து, அணை மட்டம் நிதானத்துக்கு வந்தபின் விடுங்கள். எதிர்க்கரை பண்ணவாடியில், 1934-ல் கட்டி முடித்த அணையில் மூழ்கிய ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தி தலைகாட்டுகிற அளவு தண்ணீர் இறங்கிய காலமென்றால் அடியில் கல்லும் பழைய மரக்கட்டையும் மேலே வந்திருக்கும், புது ஒட்டை அதில் உரசிவிடாதீர்கள். முதல் ஓட்டம் கரையோரமாக, ஓட்டமில்லாத தண்ணீரில், லைப் ஜாக்கெட்டோடு. நீச்சல் தெரியும் என்பது ஜாக்கெட்டுக்கு மாற்றில்லை. இரண்டு பேர் ஏறுங்கள், ஒருவர் துடுப்புக்கு, ஒருவர் பார்ப்பதற்கு. வலையைக் கரையிலேயே விட்டுவிட்டு, உள்ளே மறுபடி சாம்பல் தூவி ஒரு மணி நேரம் சுற்றுங்கள். இறங்கும்போது சாம்பல் காற்றில் பறக்கிற மாதிரி உலர்ந்தே இருந்தால் அன்று சாயங்காலமே வலையை ஏற்றிக்கொள்ளலாம்.